பிளேயரா? டிரைவா?

தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் வரும் வீவக அடுக்குமாடி வீடு அது. வீட்டில் நால்வர்: பாட்டி, அவருடைய மகன், மருமகள், உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி. தீபாவளிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பாட்டியின் அலமாரிக்கு அடியிலிருந்து பழைய ரொட்டி டின் ஒன்று வெளியே வந்தது. ரொட்டி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. உள்ளே இருந்தவை வட்டுகள்.

காகித உறைகளில் மூன்று விசிடிகள் இருந்தன. அவற்றின்மீது ‘திருமணம் 1999’ என்று எழுதி 1, 2, 3 என எண்ணிட்டிருந்தார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய தமிழ்த் திரைப்பட டிவிடிகள் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளங்கையில் அடங்கும் சிறிய வட்டு ஒன்று. ‘ரயில் நிலையம், ஜூன் 2011’ என்று அதன்மேல் தாத்தாவின் கையெழுத்து. தாத்தா இன்று இல்லை.

“அவர் பேசினது வேறு எதிலும் இல்லை. இதில் மட்டும்தான் இருக்கு,” என்றார் பாட்டி.

வீட்டிலிருந்த பழைய டிவிடி பிளேயரை அப்பா எடுத்து வந்தார். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது. தட்டுமட்டும் வெளியே வரவில்லை. இத்தகைய பிளேயர்களில் தட்டை இழுப்பது ஒரு சிறு ரப்பர் வார். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால், நம் ஊர் வெப்பத்தில் அது தளர்ந்துவிடும். அதையாவது மாற்றிவிடலாம். ஆனால், அதற்குப் பின்னும் ஒரு சிக்கல் இருந்தது. பிளேயரின் பின்புறத்தில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று துளைகள் இருந்தன. புதிய தொலைக்காட்சியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளைகள் மட்டுமே இருந்தன. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, மின்னிலக்க ஒளிபரப்பு மட்டுமே நிலைபெற்றது. அந்தக் காலக்கட்டத்தில் பல வீடுகளைப் போல இவர்களும் தொலைக்காட்சியை மாற்றியிருந்தார்கள்.

பேத்தியின் மடிக்கணினியில் வட்டு போட வழியே இல்லை. மெல்லிய மடிக்கணினிகளிலிருந்து டிரைவ் மறைந்து நெடுநாளாகிவிட்டது. 2008இல் வந்த மேக்புக் ஏர் அதற்கு ஒரு தொடக்கம் எனலாம்.

“யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினால் போதும்பா,” என்றாள் பேத்தி.

“எனக்கு அந்தக் கணினியெல்லாம் வேண்டாம் கண்ணு. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வரணும்,” என்றார் பாட்டி.

இரண்டு கருவிகளின் விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். சாதாரண டிவிடி பிளேயரோ வெளியில் செருகும் டிவிடி டிரைவோ நூறு வெள்ளிக்குள் கிடைத்துவிடும். ஆகவே, பணத்தைக் கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. அந்தக் கருவிகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே ஒரே ஒளிக்கதிர்

அடிப்படையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து அதை உருவாக்கின. 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அந்த வட்டில், மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள் சுருளாக ஒரே ஒரு தடம் ஓடுகிறது. அதை நீட்டி விரித்தால் 5 கிலோமீட்டருக்கும் மேல் வரும். தஞ்சோங் பகாரிலிருந்து தேக்காவுக்கு நடக்கும் தூரத்தைவிட அது அதிகம். தடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உள்ளன. லேசர் ஒளி அவற்றின்மேல் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தைக் கருவி ஒன்றுகளாகவும் சுழிகளாகவும் படிக்கிறது.

விசிடிக்கும் பாட்டு வட்டுக்கும் பயன்படும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. டிவிடிக்குச் சிவப்பு, புளூரேக்கு நீலம் கலந்த ஊதா. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளையும் சிறிதாக்கலாம். அதனால்தான் ஒரே அளவுள்ள வட்டில் குறுவட்டு 700 மெகாபைட்டும், ஓர் அடுக்கு டிவிடி 4.7 கிகாபைட்டும், ஓர் அடுக்கு புளூரே 25 கிகாபைட்டும் கொள்கின்றன.

1993இல் உருவான விசிடி, பழைய குறுவட்டிலேயே படத்தையும் அடைத்துவைக்கும் முறை. ஒரு வட்டில் 74 நிமிடப் படமே அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டோ மூன்று வட்டோ தேவைப்பட்டது. கதாநாயகன் கோபத்தோடு எழும் கட்டத்தில் வட்டை மாற்ற வேண்டியிருந்ததைப் பெற்றோரிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். மேற்கு நாடுகளில் விசிடி அவ்வளவாகப் பரவவில்லை. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், சீனா, இந்தியா ஆகிய இடங்களில் அது வீட்டுக்கு வீடு இருந்தது.

சிங்கப்பூரில் முன்பே எழுந்த கேள்வி

பிளேயர் வாங்குவதா, கணினியில் டிரைவ் பொருத்துவதா என்ற கேள்வி புதியதன்று. தஞ்சோங் பகாருக்குப் பக்கத்திலுள்ள சைனாடவுனில் முன்பு பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடம் இருந்தது. அங்கே 1981இல் சிம் வோங் ஹூ கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைச் சிறிய கடையாகத் தொடங்கினார். 1989இல் வெளிவந்த அவருடைய ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டை, அதுவரை ‘பீப்’ என்று மட்டுமே ஒலித்துக்கொண்டிருந்த கணினிகளைப் பாடவும் பேசவும் வைத்தது. அதன்பின் நிறுவனம் ஒலி அட்டையையும் சிடி டிரைவையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே.

டிவிடி பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அடுத்த ஆண்டே கிரியேட்டிவ், கணினிக்கான டிவிடி தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் டிரைவ் மட்டும் இல்லை. கூடவே ஓர் அட்டையும் இருந்தது. ஏன்? டிவிடியில் படம் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை ஒவ்வொரு நொடியும் விரித்துக் காட்ட வேண்டும். அக்காலக் கணினிகளுக்கு அந்த வேகம் இல்லை. ஆகவே, விரிக்கும் வேலையை அந்த அட்டை ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சியோடு இணைக்கும் வழியும் அதில் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், கணினிக்குள் ஒரு பிளேயரையே பொருத்தினார்கள்.

இன்று அந்த அட்டை தேவையில்லை. திறன்பேசியே அந்த வேலையைச் சிரமமின்றிச் செய்துவிடும். ஆனால், வேறொன்று தலைகீழாகிவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படத்தைக் காட்டும் வசதி விண்டோஸோடு தானாகவே வருவதில்லை. டிரைவ் வாங்கிச் செருகியவுடன் படம் ஓடாததைக் கண்டு, வாங்கிய பொருள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. விஎல்சி போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். பாரிஸில் மாணவர்கள் சிலர் 1996இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது அந்த மென்பொருள்.

நிற்காமல் வாசிப்பவரும் மெய்ப்புப் பார்ப்பவரும்

இரண்டு கருவிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு, கீறல் விழுந்த வட்டைப் போடும்போதுதான் தெரியவரும்.

பிளேயரின் வேலை, நேரம் தவறாமல் படத்தைக் காட்டுவது. சிங்கப்பூரும் இந்தியாவும் பின்பற்றிய பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அதற்காகக் காத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அடுத்த படம் வந்தாக வேண்டும். ஆகவே, பிளேயர் முடிந்தவரை பிழையைச் சரிசெய்யும். முடியாத இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறிய படத்தைக் காட்டிவிட்டு மேலே போகும். மேடையில் செய்தி வாசிப்பவர் ஒரு சொல் மங்கலாக இருந்தால் ஊகித்து வாசித்துவிட்டுத் தொடர்வதைப் போன்றது இது.

கணினி டிரைவ், மெய்ப்புப் பார்ப்பவரைப் போன்றது. ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு தவறிப்போகும், நிரல் இயங்காமல் போகும் என்ற எண்ணத்தில் அது வடிவமைக்கப்பட்டது. படிக்க முடியாத இடம் வந்தால் நின்று, வேகத்தைக் குறைத்து, அதே இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். ஒருவேளை பத்தாவது முறை படித்துவிடும். படிக்கவே முடியாவிட்டால், பிழை என்று அறிவித்துவிட்டுப் படியெடுக்கும் வேலையையே நிறுத்திவிடும். பிளேயரில் இரண்டு நொடி தடுமாறிவிட்டு ஓடும் வட்டு, கணினியில் பத்து நிமிடம் உறுமிவிட்டு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான்.

விசிடியில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். வட்டில் தகவல்கள் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 2,352 பைட் இடம். கணினிக் கோப்பாக இருந்தால் அதில் 2,048 பைட்டில் மட்டுமே தகவல் இருக்கும். மீதி இடத்தின் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடியை வடிவமைத்தவர்களோ 74 நிமிடப் படத்தை எப்படியாவது அடைக்க வேண்டும் என்பதற்காகப் படத்துக்கு 2,324 பைட்டை ஒதுக்கிவிட்டார்கள். கூடுதல் பிழை திருத்தத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று. பிளேயரில் ஒரு கணம் சிதறிப்போகும் படத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பேத்தி அதைக் கணினியில் படியெடுக்க முயல்வாள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வேகமும் கவனிக்கத்தக்கது. பிளேயர் வட்டை மெதுவாகவே சுழற்றும், சத்தம் கேட்காது. டிரைவ் 24 மடங்கு, 48 மடங்கு வேகத்தில் சுழற்றும். மையத் துளையைச் சுற்றி விரிசல் விட்ட வட்டை அந்த வேகத்தில் சுழற்றினால் உள்ளேயே உடைந்து சிதறலாம். அப்படிப்பட்ட வட்டை டிரைவில் போடவே கூடாது.

எல்லை தாண்டிய படங்கள்

பாட்டியின் திரைப்பட வட்டுகளுக்கு வேறு வகையான சிக்கல் உண்டு. திரைப்பட நிறுவனங்கள் டிவிடிக்காக உலகை வட்டாரங்களாகப் பிரித்தன. சிங்கப்பூர் 3ஆம் வட்டாரம். இந்தியா 5ஆம் வட்டாரம். சென்னையில் 5ஆம் வட்டாரத்துக்கென வெளியிடப்பட்ட வட்டை, விதிப்படி நடக்கும் சிங்கப்பூர்ப் பிளேயர் ஏற்காது. இதிலே ஓர் ஆறுதல், தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவாகவே வெளியிடப்பட்டன. புலம்பெயர்ந்த தமிழர்கள் எத்தனையோ நாடுகளில் இருக்கும்போது, ஒரு நாட்டுக்கென்று பூட்டுப் போட்டால் விற்பனைதான் குறையும். விசிடியில் வட்டாரப் பூட்டே கிடையாது.

இந்த இடத்தில் பிளேயருக்கு ஒரு சிறப்பு உண்டு. எல்லா வட்டாரங்களையும் ஏற்கும் பிளேயர்கள் சந்தையில் எளிதாகக் கிடைத்தன. கணினி டிரைவோ, 2000ஆம் ஆண்டு முதல், வட்டாரத்தைத் தனக்குள்ளேயே எழுதிவைத்துக்கொள்கிறது. உரிமையாளர் அதை 5 முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை எதை வைத்தாரோ அதுவே நிலைத்துவிடும். கணினியை அழித்து மென்பொருளை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. எண்ணிக்கை டிரைவிலேயே பதிவாகியிருக்கும். இது தெரியாமல், சென்னையிலிருந்து வந்த வட்டுக்கு ஒருமுறை, லண்டனிலிருந்து உறவினர் அனுப்பிய வட்டுக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் வழி அடைபட்டுவிடும்.

புளூரேயில் வட்டாரங்கள் மூன்றுதான். ஆயினும், சிங்கப்பூர் ‘ஏ’, இந்தியா ‘சி’ என இங்கேயும் பிரிந்தே நிற்கின்றன. அதற்குப் பின் வந்த அல்ட்ரா எச்டி புளூரேயில் வட்டாரப் பூட்டு நீக்கப்பட்டது. ஆனால், அதைக் கணினியில் பார்க்க வேண்டுமானால் இன்டெல் சில்லுகளில் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவை என விதித்தார்கள். இன்டெல் பின்னர்த் தன் புதிய வீட்டுக் கணினிச் சில்லுகளிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டது. ஆகவே, அத்தகைய வட்டு வாங்குபவருக்குப் பிளேயர்தான் நேர்வழி. அங்கும் கதவு குறுகிக்கொண்டுதான் வருகிறது. எல்ஜி நிறுவனம் 2024இல் புளூரே பிளேயர் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

இந்த வீட்டில் புளூரே எதுவும் இல்லை. அப்பா அந்தக் கவலையை ஒதுக்கிவைத்தார்.

சிறிய வட்டு

மீதி இருந்தது தாத்தாவின் சிறிய வட்டு. அது 8 சென்டிமீட்டர் டிவிடி. 2000ஆம் ஆண்டுகளில் விற்பனையான சில காணொளிக் கேமராக்கள், நாடாவுக்குப் பதிலாக இத்தகைய வட்டில் நேரடியாகப் பதிவு செய்தன. ஒரு வட்டில் வழக்கமான தரத்தில் அரைமணி நேரம் பதிவு செய்யலாம். தட்டின் நடுவில் இதற்கென்றே சிறிய பள்ளம் இருப்பதால் தட்டு வைத்த பிளேயரிலும் டிரைவிலும் இதை வைக்கலாம். வாய்போன்ற பிளவுக்குள் வட்டை உறிஞ்சிக்கொள்ளும் கருவிகளில் மட்டும் போடக் கூடாது, மாட்டிக்கொள்ளும்.

“கேமராவில் எடுத்து முடித்ததும் நிறைவுப் பதிவு செய்தீங்களாப்பா?” என்று பேத்தி கேட்டாள்.

அப்பா விழித்தார்.

இத்தகைய கேமராக்களில் பதிவு முடிந்தபின் ஒரு கடைசி வேலை உண்டு. வட்டில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணையை எழுதி மூட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்த வட்டு அதே கேமராவில் மட்டுமே ஓடும். பிளேயரில் போட்டால் ‘வட்டு இல்லை’ என்று காட்டும். கேமராவோ எப்போதோ கைமாறிப் போய்விட்டது.

அப்பா நண்பர் ஒருவரிடமிருந்து பிளேயரை இரவல் வாங்கி வந்து பார்த்தார். அது அந்த வட்டை ஏற்கவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வட்டை வாங்கி மீண்டும் டின்னுக்குள் வைத்தார்.

அதோடு முடிவு டிரைவின் பக்கம் சாய்ந்தது. மூடப்படாத வட்டை மூடியிருப்பதாக நினைத்துத் தேடும் கருவி பிளேயர். டிரைவோ கணினியின் கட்டளைப்படி நடப்பது. அட்டவணை இல்லாவிட்டாலும், வட்டின் இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை படி என்று மீட்பு மென்பொருள் அதனிடம் கேட்கலாம். எல்லா டிரைவும் இதைச் செய்துவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆனால், கேட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருக்கிறது.

டிரைவ் வந்த அன்று பேத்தி முதலில் வட்டைத் துடைத்தாள். வட்டமாகத் துடைக்காமல் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராக, மென்மையான துணியால். தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் அடுத்தடுத்த பகுதிகள் சேர்ந்து கெடும். குறுக்கே விழும் கீறலைப் பிழை திருத்தம் ஓரளவு சமாளிக்கும். விசிடிகளின் எழுத்துப் பக்கத்தை அவள் தொடவே இல்லை. குறுவட்டில் ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் அந்தப் பக்கத்து மேற்பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் தகவலே போய்விடும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும்.

சிறிய வட்டைப் போட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இது வெற்று வட்டு, இதை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று விண்டோஸ் கேட்டது. டிரைவ் படிப்பது மட்டுமன்று, எழுதவும் வல்லது. ‘சரி’ என்று அழுத்தியிருந்தால் தாத்தாவின் பதிவோடு கணினி வேறு எதையாவது எழுதத் தொடங்கியிருக்கக்கூடும். பேத்தி ‘ரத்து’ என்பதை அழுத்தினாள். பிறகு மீட்பு மென்பொருளைத் திறந்தாள்.

டிரைவ் சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது. கீழே உணவங்காடிக்குப் போய் அம்மா இரவு உணவு வாங்கி வரும்வரை அது அப்படியே முனகிக்கொண்டிருந்தது. இறுதியில் 22 நிமிடக் காணொளி கிடைத்தது.

பிளேயர் இல்லாத பொத்தான்

கிடைத்த கோப்பைப் பேத்தி யுஎஸ்பி சேமிப்பானில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினாள். இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். டிரைவையே நேராகத் தொலைக்காட்சியில் செருகினால் பெரும்பாலான தொலைக்காட்சிகள் அதை அறிந்துகொள்ளா. கோப்பாக மாற்றிய பின்னரே அவை ஏற்கும். மாற்றிவிட்டால் தொலைக்காட்சியின் தொலையியக்கியே போதும். பாட்டி கேட்ட பொத்தான் கிடைத்துவிட்டது.

படத்தில் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் வந்தது. 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து, 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஜொகூர் சுல்தான் ஓட்டிச் சென்றார். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு எடுத்த காணொளி இது. முகப்பிலுள்ள நான்கு வெள்ளைச் சிலைகளுக்குக் கீழே தாத்தா நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் இரவு வேலை முடிந்து இந்த நிலையத்துக்கு வந்துதான் பரோட்டாவும் தேநீரும் சாப்பிடுவோம் என்றார். பிறகு 1972 ஜூனில் ‘நிஹோன்’ கப்பல் வந்த நாளைப் பற்றிப் பேசினார். தஞ்சோங் பகார் முனையத்துக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அது. அந்தப் பெரிய இரும்புப் பெட்டிகளைப் பார்த்து, இனிமேல் மூட்டை தூக்க ஆள் வேண்டாம் என்று கூட்டாளி ஒருவர் சொன்னாராம். “எல்லாரும் சிரிச்சோம். எனக்குமட்டும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை,” என்றார் தாத்தா.

அந்த முனையம் இன்று அங்கே இல்லை. பணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறிவிட்டன. நிலையத்தில் ரயிலும் இல்லை. இப்படிப்பட்ட நினைவுகளைச் சேகரிப்பதற்காகவே சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இயங்கிவருகிறது. அங்கு ஒலிநாடாக்களில் பதிவான பல குரல்கள் மின்னிலக்கமாக மாற்றப்பட்டு, இணையத்தில் கேட்கும் நிலையில் உள்ளன. 2015இல் சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டை ஒட்டி, தொண்டூழியர்களின் உழைப்பில் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களும் மின்னிலக்கமாக்கப்பட்டுத் தேசிய நூலகத்தில் சேர்ந்தன. ரொட்டி டின்களுக்குள் இருப்பவற்றை மட்டும் அந்தந்த வீட்டார்தான் எடுக்க வேண்டும். அவற்றுள் பல, கடையில் அச்சிட்ட வட்டுகள் அல்ல. ஒளியால் மாறும் சாயத்தின்மேல் எழுதப்பட்டவை. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும்.

அடுத்த வாரம் திருமண விசிடிகளுக்கு முறை வந்தது. முதல் வட்டு எளிதாகப் படியானது. இரண்டாவது வட்டில், தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் கணினி நின்றுவிட்டது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பிவரும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைக்கொண்டு பேத்தி மீண்டும் முயன்றாள். ஏறத்தாழ நாற்பது நொடி காணாமல் போனது, மற்றவை கிடைத்தன. அதே வட்டை இரவல் பிளேயரில் போட்டபோது அந்த நாற்பது நொடியும் சிதறலாகவேனும் தெரிந்தது. நாதஸ்வரமும் விட்டுவிட்டுக் கேட்டது. அப்பா தம் திறன்பேசியைத் தொலைக்காட்சிக்கு எதிரே பிடித்து அதைப் பதிவு செய்துகொண்டார். அழகான முறை அன்று. ஆனாலும் தாலி கட்டும் காட்சி கிடைத்துவிட்டது.

திரைப்பட டிவிடிகளை யாரும் படியெடுக்கவில்லை. குடும்பக் காணொளி குடும்பத்துக்குச் சொந்தம். திரைப்படத்தின் உரிமை வேறொருவருக்கு. அதன் பூட்டை உடைத்துப் படியெடுக்கச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த ஏழெட்டுப் படங்களுக்காகப் பிளேயர் ஒன்றும் வாங்கலாமா என்று அப்பா கேட்டார்.

“படத்துக்கு என்ன அவசரம்? மூணாவது வட்டை முதல்ல போடச் சொல்லு,” என்றார் பாட்டி.

பேத்தி மூன்றாவது வட்டை உறையிலிருந்து எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். விளிம்பருகே ஊசிமுனை அளவில் இரண்டு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. துணியை எடுத்து, மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கத் தொடங்கினாள்.